பீப்பாய்ப் பந்தயக் குதிரை வாங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரோடியோ எனப்படும் அமெரிக்க மாட்டிடையர் மரபு விளையாட்டுப் போட்டிகளில், குதிரை மீதேறி மூன்று பீப்பாய்களை மூவிலை வடிவில் சுற்றிவந்து ஓடி முடிக்கும் பந்தயத்தில், நூற்றில் ஒரு பங்கு விநாடி கூட வெற்றியைத் தீர்மானிக்கும். அதனால் குதிரை வாங்க வருகிறவர் முதலில் கேட்பது அதன் ஓட்ட நேரத்தைத்தான். முதல் தவறும் அங்கேயே நேர்கிறது. வழக்கமான பெரிய களத்தில் முதல் இரண்டு பீப்பாய்களுக்கு இடையே 90 அடியும், அவற்றிலிருந்து மூன்றாவதற்கு 105 அடியும் இருக்கும். அங்கே 17 விநாடி என்பது சிறப்பான ஓட்டம். லாஸ் வேகஸில் நடக்கும் தேசிய இறுதிப்போட்டியின் சிறிய களத்திலோ 13, 14 விநாடிகளில் ஓட்டம் முடிந்துவிடும். ஆகவே களத்தின் அளவும் மண்ணின் தன்மையும் தெரியாமல் சொல்லப்படும் நேரத்தால் பயனில்லை. அதே நாளில், அதே களத்தில் வென்ற குதிரையைவிட இது எவ்வளவு பின்தங்கியது என்று கேட்பதே சரியான கேள்வி.

இதைவிடப் பெரிய தவறு, தன் திறமைக்கு மீறிய குதிரையை வாங்குவது. சார்மைன் ஜேம்ஸ் என்ற அமெரிக்க வீராங்கனை 1984 முதல் 1993 வரை தொடர்ந்து பத்து முறை உலகப் பட்டம் வென்றது, 1,100 டாலருக்கு வாங்கப்பட்ட ஸ்கேம்பர் என்ற குதிரையின் மீது. மலிவு விலையில் மாணிக்கம் கிடைக்கும் என்பதற்குச் சான்றாக இக்கதையைப் பலர் எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால், ஏறியவரைத் துள்ளிக் கீழே தள்ளும் குதிரை என்று பெயர் வாங்கியிருந்த ஸ்கேம்பர், தனக்குப் பொருந்திய ஒருவரின் கையில்தான் சாம்பியன் ஆனது என்பதை மறந்துவிடுகிறார்கள். வேகமாகத் திரும்பப் பழகிய குதிரையின் மீது இருக்கை நிலைக்காத புதியவர் அமர்ந்தால், அவர் தடுமாறி இழுக்கும் கடிவாளம் அதைக் குழப்பும். பீப்பாய் சாயும், ஐந்து விநாடி தண்டமும் சேரும். நாளடைவில் அக்குதிரை களத்தின் நுழைவுப் பாதையிலேயே முரண்டு பிடிக்கத் தொடங்கலாம். புதிதாகக் கற்பவருக்கு, அரை விநாடி மெதுவாக ஓடினாலும் பல களங்களைப் பார்த்துப் பக்குவப்பட்ட பன்னிரண்டு வயதுக் குதிரையே மேல் என்பது என் உறுதியான கருத்து.

காணொளியை மட்டும் பார்த்து முன்பணம் கொடுக்கக் கூடாது. சேணம் பூட்டுவதற்கு முன்பே சென்று சேருங்கள். ஏற்கெனவே ஓட்டி வியர்க்க வைத்த குதிரையிடம் கால் விறைப்பும் குணக்கோளாறும் வெளிப்படாமல் போகலாம். முதலில் நடையிலும் பிறகு மெல்லோட்டத்திலும் பீப்பாய்களைச் சுற்றிப் பாருங்கள். வேகம் இல்லாதபோதும் அமைதியாகத் திரும்புகிறதா என்பது அதன் பயிற்சியைக் காட்டிவிடும். இயன்றால், அதற்குப் பழக்கமில்லாத களம் ஒன்றிலும் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

மருத்துவப் பரிசோதனையை விற்பவரின் வழக்கமான மருத்துவரிடம் விடுவது வீண் சிக்கனம். நீங்கள் அமர்த்தும் கால்நடை மருத்துவர் மூட்டுகளை மடக்கிப் பிடித்துவிட்டு, நொண்டுகிறதா என்று ஓடவைத்துப் பார்க்க வேண்டும். பின்னங்கால் மூட்டுகளையும் முன் குளம்புகளையும் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். வலிமருந்து கொடுத்து நொண்டலை மறைத்திருக்கிறார்களா என்றறிய இரத்த மாதிரி எடுத்து வைக்க வேண்டும். கடுமையாகத் திரும்பும் இக்குதிரைகளுக்கு மூட்டு வலியும் வீக்கமும் குறைய அங்கேயே ஊசி போடுவது வழக்கமே. அதற்காகவே ஒரு குதிரையை ஒதுக்க வேண்டியதில்லை. எந்த மூட்டில், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை போட்டார்கள் என்ற விவரத்தைக் கேட்டு வாங்குங்கள். ஓடும்போது நுரையீரலில் இரத்தம் கசிந்ததுண்டா என்பதையும் கேளுங்கள். குவார்ட்டர் இனக் குதிரையாயின் மரபணு நோய்ச் சோதனை முடிவும் கையில் இருக்க வேண்டும்.

பெயர்பெற்ற வம்சாவளி விலையை ஏற்றும். கால்களின் நலத்துக்கு அது உறுதி தராது. இத்தனையும் பார்த்த பிறகு, பதிவுச் சான்றிதழில் உள்ள நிறமும் அடையாளங்களும் எதிரே நிற்கும் குதிரையோடு ஒத்திருக்கின்றனவா என்று சரிபார்த்து, விற்பவர் சொன்ன உடல்நல விவரங்களை விற்பனைப் பத்திரத்திலேயே எழுதி வாங்கிக்கொண்டு, அதன் பின் பணத்தைக் கொடுங்கள்.