சீசனின் இறுதி வாரங்களில் பேஸ்பால் அணிகளை ஒப்பிடும் முறை

செப்டம்பர் பிறந்ததும் அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பால் புள்ளிப்பட்டியலைத் திறப்பவர்களின் கண் முதலில் போய் நிற்பது 'கடைசி 10 ஆட்டங்கள்' என்ற நிரலில்தான். எட்டு வெற்றி, இரண்டு தோல்வி என்றிருக்கும் அணி எழுச்சி பெற்றுவிட்டதாகவும், மூன்று வெற்றி, ஏழு தோல்வி என்றிருக்கும் அணி சரிந்துவிட்டதாகவும் தோன்றும். அந்த நிரலை ஒப்பீட்டின் தொடக்கமாகக் கொள்ளவே கூடாது. ஒவ்வோர் ஆட்டத்திலும் வெற்றிக்கும் தோல்விக்கும் சரிபாதி வாய்ப்புள்ள ஓர் அணியை எடுத்துக்கொண்டால், அது அடுத்த 10 ஆட்டங்களில் 7 அல்லது அதற்கு மேல் வெல்வதற்கான வாய்ப்பு 17 சதவீதம். லீக்கில் 30 அணிகள் இருக்கின்றன. எல்லா அணிகளும் சமபலம் கொண்டவை என்று வைத்துக்கொண்டாலும், எந்த நாளில் பார்த்தாலும் ஏறத்தாழ ஐந்து அணிகள் தற்செயலாகவே 'எழுச்சி' பெற்றிருக்கும். இன்னோர் ஐந்து அணிகள் தற்செயலாகவே 'சரிந்திருக்கும்'.

எனவே, எதைத் தெரிந்துகொள்வதற்காக ஒப்பிடுகிறோம் என்பதை முதலில் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். சீசன் முடிந்ததும் அக்டோபரில் சாம்பியனைத் தீர்மானிக்க நடக்கும் பிளேஆஃப் சுற்றுக்குள் எந்த அணி நுழையும் என்பது ஒரு கேள்வி. இன்றைய நிலையில் எது பலமான அணி என்பது வேறொரு கேள்வி. அக்டோபரில் எது நெடுந்தூரம் போகும் என்பது மூன்றாவது கேள்வி. இம்மூன்றுக்கும் ஒரே விடை கிடைக்கும் என்று எதிர்பார்ப்பதால்தான் பெரும்பாலான விவாதங்கள் குழம்பிப்போகின்றன.

முதல் கேள்விக்கு விடை காணப் போட்டியின் அமைப்பைத் தெரிந்திருக்க வேண்டும். ஒவ்வோர் அணியும் 162 ஆட்டங்கள் ஆடுகிறது. அமெரிக்கன் லீக், நேஷனல் லீக் ஆகிய இரண்டிலும் ஐந்து அணிகள் கொண்ட மூன்று பிரிவுகள் உள்ளன. 2022 முதல் ஒவ்வொரு லீக்கிலிருந்தும் ஆறு அணிகள் பிளேஆஃபுக்குச் செல்கின்றன; அவற்றில் மூன்று பிரிவுகளின் முதலிடத்தார், மற்ற மூன்று வைல்டு கார்டு அணிகள், அதாவது பிரிவை வெல்லாதவற்றில் சிறந்த கணக்குள்ளவை. பிரிவு வென்றவர்களில் முதல் இருவருக்கு முதல் சுற்றில் ஆட வேண்டிய தேவை இல்லை. ஆகவே ஒரே நேரத்தில் பிரிவுக்கான போட்டியும், வைல்டு கார்டுக்கான போட்டியும், முதல் சுற்றைத் தவிர்ப்பதற்கான போட்டியும் நடந்துகொண்டிருக்கும். ஓர் அணி இவற்றுள் எந்தப் போட்டியில் இருக்கிறது என்பதைக் குறித்துக்கொண்ட பிறகே எண்களைத் தொட வேண்டும்.

இரண்டு அணிகளின் இடைவெளியைக் கணக்கிடுவது எளிது. முன்னணியில் உள்ள அணி 80 வெற்றி, 60 தோல்வியுடனும், துரத்தும் அணி 76 வெற்றி, 62 தோல்வியுடனும் இருப்பதாகக் கொள்வோம். வெற்றிகளின் வேறுபாடு 4, தோல்விகளின் வேறுபாடு 2. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் இடைவெளி மூன்று ஆட்டங்கள். பட்டியல் இந்த மூன்றைத்தான் காட்டும். ஆனால் சீசனின் இறுதியில் நான் தோல்விகளின் நிரலையே அதிகம் நம்புவேன். துரத்தும் அணிக்கு ஆட வேண்டிய ஆட்டங்கள் இரண்டு கூடுதலாக இருக்கின்றன. அவற்றை அது வெல்லவும் கூடும். பதிவாகிவிட்ட தோல்வியையோ எதனாலும் அழிக்க முடியாது. முன்னணி அணி இடத்தை உறுதிசெய்ய இன்னும் எவ்வளவு தேவை என்பதையும் உடனே சொல்லிவிடலாம்: 162உடன் ஒன்றைக் கூட்டி வரும் 163இலிருந்து அதன் வெற்றிகளையும் துரத்தும் அணியின் தோல்விகளையும் கழித்தால் 21 வரும். முன்னணி அணியின் வெற்றியும் துரத்தும் அணியின் தோல்வியும் சேர்ந்து 21 ஆனதும் போட்டி முடிந்துவிடும்.

இரண்டாவது கேள்விதான் உண்மையில் உழைப்பைக் கேட்பது. இன்று எது பலமான அணி என்பதை அறிய, வெற்றி தோல்விகளை ஒதுக்கிவிட்டு, எடுத்த ஓட்டங்களையும் விட்டுக்கொடுத்த ஓட்டங்களையும் பார்க்க வேண்டும். பேஸ்பால் புள்ளியியலுக்கு வழிவகுத்தவர்களில் முதன்மையானவரான பில் ஜேம்ஸ் இதற்கு ஒரு சூத்திரம் தந்திருக்கிறார்: எடுத்த ஓட்டங்களின் வர்க்கத்தை, எடுத்த ஓட்டங்களின் வர்க்கமும் கொடுத்த ஓட்டங்களின் வர்க்கமும் சேர்ந்த கூட்டுத்தொகையால் வகுத்தால், அந்த அணிக்கு இயல்பாக வர வேண்டிய வெற்றி விகிதம் கிடைக்கும். 2012ஆம் ஆண்டின் பால்டிமோர் ஓரியோல்ஸ் அணி 712 ஓட்டங்கள் எடுத்து 705 ஓட்டங்கள் கொடுத்தது. சூத்திரத்தின்படி அதற்கு 82 வெற்றிகளே வந்திருக்க வேண்டும், வந்தவையோ 93. காரணம், ஒரே ஓட்ட வேறுபாட்டில் முடிந்த ஆட்டங்களில் அது 29ஐ வென்று 9ஐ மட்டுமே இழந்திருந்தது. நெருக்கடியில் வெல்லும் மனவலிமை கொண்ட அணி என்று அப்போது பலரும் பாராட்டினார்கள். மறு ஆண்டு அதே வகை ஆட்டங்களில் ஓரியோல்ஸ் 20ஐ வென்று 31ஐ இழந்தது. மொத்த வெற்றிகள் 85ஆகக் குறைந்தன. ஒற்றை ஓட்ட வெற்றிகள் மதிப்பற்றவை என்பதல்ல இதன் பொருள். அவை பட்டியலில் முழு வெற்றிகளாகவே நிற்கும். ஆனால் அடுத்து வரும் வாரங்களைப் பற்றி அவை மிகக் குறைவாகவே சொல்லும்.

ஓட்ட வேறுபாட்டையும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்க வேண்டியதில்லை. எட்டு, ஒன்பது ஓட்டங்கள் பின்தங்கிவிட்ட அணி, தன் வீச்சாளர்களுக்கு ஓய்வு தருவதற்காக மட்டையாளர் ஒருவரையே பந்து வீச அனுப்புவது இப்போது வழக்கமாகிவிட்டது. அந்த இன்னிங்ஸில் எடுக்கும் ஐந்து ஓட்டங்கள் எவருடைய திறமைக்கும் சான்றாகாது. ஒன்பது இன்னிங்ஸ் முடிவில் சமநிலையாகி நீளும் கூடுதல் இன்னிங்ஸ் ஆட்டங்களுக்கும் எச்சரிக்கை தேவை. 2020 முதல், 10ஆவது இன்னிங்ஸிலிருந்து ஒவ்வொரு பாதியும் இரண்டாம் பேஸில், அதாவது ஓட்டம் எடுப்பதற்கான பாதி வழியில், ஓர் ஓட்டவீரரை நிறுத்தியே தொடங்குகிறது. பிளேஆஃபில் இந்த விதி கிடையாது. ஆகவே ஓர் அணியின் அண்மைக்கால வெற்றிகளில் கூடுதல் இன்னிங்ஸில் வந்தவை எத்தனை என்று எண்ணிப் பார்த்துவிடுவது நல்லது.

அடுத்து, எந்தக் காலப்பகுதியை எடுத்துக்கொள்வது என்ற சிக்கல் வருகிறது. 162 ஆட்டங்களின் தொகையில் ஏப்ரலில் ஆடிய, இப்போது அணியிலேயே இல்லாத வீரர்களின் உழைப்பும் கலந்திருக்கும். 10 ஆட்டங்களோ மிகச் சிறிய அளவு. 30 ஆட்டங்களில்கூடச் சமபலமுள்ள ஓர் அணி 12 முதல் 18 வரை எத்தனை வென்றாலும் அதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. நான் பரிந்துரைப்பது, வீரர் பரிமாற்றக் கெடுவில் ஒரு கோடு கிழிப்பதைத்தான். ஜூலை இறுதியை ஒட்டி வரும் அந்த நாளோடு அணிகளுக்கிடையிலான பரிமாற்றங்கள் முடிந்துவிடுகின்றன. 2019க்கு முன் ஆகஸ்டிலும் ஒரு சுற்றுவழி இருந்தது. இப்போது அதுவும் மூடப்பட்டுவிட்டது. எனவே அந்த நாளுக்குப் பிறகு ஆடும் அணிதான், காயங்கள் நீங்கலாக, கடைசிவரை ஆடப்போகும் அணி. செப்டம்பர் நடுவில் பார்க்கும்போது அதற்கு 40 ஆட்டங்களுக்கு மேல் ஆகியிருக்கும். செப்டம்பர் 1 முதல் வீரர் எண்ணிக்கை 26இலிருந்து 28ஆக உயர்வது சிறிய மாற்றமே. அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஆனால் காயங்களைப் பெரிதாக எடுத்துக்கொண்டே ஆக வேண்டும், முக்கியமாக வீச்சாளர்களின் காயங்களை. 2011ஆம் ஆண்டின் பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணியை இதற்காகவே திரும்பத் திரும்ப ஆராயலாம். செப்டம்பர் தொடக்கத்தில் வைல்டு கார்டு போட்டியில் டாம்பா பே ரேஸ் அணியைவிட ஒன்பது ஆட்டங்கள் முன்னிலையில் இருந்த பாஸ்டன், அம்மாதத்தில் 7 ஆட்டங்களை மட்டுமே வென்று 20ஐ இழந்தது. செப்டம்பர் 28 இரவு பாஸ்டன் பால்டிமோரிடம் 4–3 என்று தோற்றது. ஏழு ஓட்டங்கள் பின்தங்கியிருந்த ரேஸ், நியூயார்க் யாங்கீஸை 12 இன்னிங்ஸில் 8–7 என்று வென்று உள்ளே நுழைந்தது. அந்தச் சரிவுக்கு ஆயிரம் காரணங்கள் சொல்லப்பட்டன. பட்டியலை விட்டு அணியைப் பார்த்தவர்களுக்கு ஒரு காரணம் ஜூனிலேயே தெரிந்திருந்தது: முறைவைத்து ஆட்டத்துக்கு ஒருவராக முதலில் வீசும் தொடக்க வீச்சாளர் ஐவரில் கிளே புக்ஹோல்ஸ் முதுகுக் காயத்தாலும், டைசுகே மட்சுசாகா முழங்கை அறுவை சிகிச்சையாலும் அப்போதே விலகிவிட்டனர். எஞ்சியவர்களில் ஜான் லாக்கி அந்த ஆண்டு ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக 6.41 ஓட்டங்கள் கொடுத்தார். வலுவான மட்டையாளர்கள் ஆகஸ்ட் வரை இந்தக் குறையை மறைத்துவைத்திருந்தார்கள்.

ஆதலால் இரண்டு அணிகளை ஒப்பிடும்போது, அடுத்த இரண்டு வாரங்களில் யார் யார் தொடக்க வீச்சாளர்களாக வருவார்கள் என்று பெயர் பெயராக எழுதிப் பாருங்கள். ஒவ்வொருவரும் கொடுத்த ஓட்டங்களைவிட, எடுத்த ஸ்ட்ரைக்அவுட்களுக்கும் (மூன்று ஸ்ட்ரைக்குகளால் மட்டையாளரை வெளியேற்றுவது) கொடுத்த 'வாக்'குகளுக்கும் (walk; நான்கு தவறான பந்துகளால் மட்டையாளர் முதல் பேஸை இலவசமாகப் பெறுவது) இடையிலான வேறுபாட்டைக் கவனியுங்கள். அடித்த பந்து தடுப்பாளரின் கைக்குப் போகிறதா, இடைவெளியில் விழுகிறதா என்பதில் அதிர்ஷ்டத்தின் பங்கு பெரிது. ஸ்ட்ரைக்அவுட்டிலும் 'வாக்'கிலும் அது மிகக் குறைவு. ஆகஸ்டில் நன்றாக வீசிய ஒருவரின் ஸ்ட்ரைக்அவுட் எண்ணிக்கை செப்டம்பரில் திடீரென இறங்கி, பந்தின் வேகமும் குறைந்திருந்தால், அவர் கொடுத்த ஓட்டங்கள் இன்னும் கூடாவிட்டாலும் அதை எச்சரிக்கையாகவே கொள்ள வேண்டும். தொடக்க வீச்சாளருக்குப் பின் வீச வரும் புல்பென் வீச்சாளர்கள் தொடர்ந்து எத்தனை நாள் வீசியிருக்கிறார்கள் என்பதையும் பார்த்துவிடுங்கள். மட்டையாளர்களைப் பொறுத்தவரை, முக்கியமானவர்கள் ஆடுகிறார்களா இல்லையா என்று தெரிந்தால் போதும். அவர்களுடைய ஒரு வார ஏற்ற இறக்கங்களில் நேரத்தைச் செலவிட வேண்டியதில்லை.

எதிரணிகளின் தரத்தைச் சேர்க்காமல் எந்த ஒப்பீடும் முழுமையாகாது. 2024இல் 121 ஆட்டங்களை இழந்த சிகாகோ ஒயிட் சாக்ஸ் போன்ற அணியை வீழ்த்திப் பெற்ற மூன்று வெற்றிகளும், முதலிடத்தில் உள்ள அணியிடம் பெற்ற மூன்று வெற்றிகளும் பட்டியலில் ஒரே மாதிரிதான் தெரியும். கடந்து போன ஆட்டங்களுக்கும் எஞ்சியிருக்கும் ஆட்டங்களுக்கும் தனித்தனியாக எதிரணிகளின் வெற்றி விகிதத்தைச் சராசரி எடுத்துப் பாருங்கள். ஆடுகளத்தையும் மறக்க வேண்டாம்: கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,600 மீட்டர் உயரத்தில், காற்று மெலிந்து பந்து தொலைவாகப் பறக்கும் டென்வரில் ஆடிவிட்டு வந்த அணியின் ஓட்டக் கணக்கு இரு பக்கமும் வீங்கியிருக்கும்.

எஞ்சிய ஆட்டங்களில் எத்தனை நேருக்கு நேர் நடக்கின்றன என்பது எல்லாவற்றிலும் முக்கியம். 2023 முதல் ஒவ்வோர் அணியும் தன் பிரிவின் மற்ற ஒவ்வோர் அணியுடனும் 13 முறை ஆடுகிறது. அவற்றில் சில செப்டம்பர் கடைசியில் வருவதுண்டு. 2025இல் டெட்ராய்ட் டைகர்ஸ் அணி ஜூலையில் கிளீவ்லாண்ட் கார்டியன்ஸைவிட 15.5 ஆட்டங்கள் முன்னிலையில் இருந்தது. அவ்வளவு பெரிய இடைவெளியும் குறைந்துகொண்டே வர, கடைசி இரண்டு வாரங்களில் இவ்விரு அணிகளும் ஆறு முறை மோதின. கார்டியன்ஸ் ஐந்தை வென்றது. நேரடி மோதலில் ஒரு வெற்றி முழுதாக ஓர் ஆட்ட இடைவெளியைக் குறைக்கும். வேறு அணிகளுடன் ஆடும்போது, போட்டியில் உள்ள மற்ற அணியின் ஆட்ட முடிவையும் எதிர்பார்த்திருக்க வேண்டும். 88 வெற்றிகளுடன் பிரிவு கிளீவ்லாண்டுக்குப் போனது. டைகர்ஸ் 87 வெற்றிகளுடன் வைல்டு கார்டில் நுழைந்தது.

சமநிலை வந்தால் என்ன ஆகும் என்பதையும் முன்கூட்டியே கணக்கில் சேருங்கள். கிரிக்கெட் பழகிய நம் வாசகர்கள் இங்கே நெட் ரன் ரேட் போன்ற ஒன்றை எதிர்பார்ப்பார்கள்; பேஸ்பாலில் ஓட்ட வேறுபாட்டுக்கு அந்தப் பங்கு இல்லை. முன்பெல்லாம் 163ஆவது ஆட்டம் ஒன்று நடத்தி முடிவுசெய்தார்கள். 2022 முதல் நேருக்கு நேர் ஆடிய ஆட்டங்களின் கணக்கே முதலில் தீர்மானிக்கிறது. 2025இல் டொரோன்டோ ப்ளூ ஜேஸும் நியூயார்க் யாங்கீஸும் 94 வெற்றிகளில் சமமாக முடித்தபோது, நேரடி ஆட்டங்களில் 8–5 என்று முந்தியிருந்த டொரோன்டோ பிரிவை வென்று முதல் சுற்றையும் தவிர்த்தது. அதே ஆண்டில் 83 வெற்றிகளுடன் சமமாக நின்ற சின்சினாட்டி ரெட்ஸ் உள்ளே போக, நியூயார்க் மெட்ஸ் வெளியேறியது. ஆகவே நேரடிக் கணக்கில் முந்திய அணிக்குப் பட்டியலில் தெரியாத ஓர் ஆட்டம் கையிருப்பில் இருப்பதாகவே கொள்ள வேண்டும்.

மூன்றாவது கேள்விக்கு வரும்போது மட்டும் செப்டம்பர் ஃபார்மை ஏறக்குறைய முழுவதுமாக ஒதுக்கிவைக்கத் துணிய வேண்டும். 2000ஆம் ஆண்டின் யாங்கீஸ் தன் கடைசி 18 ஆட்டங்களில் 15ஐ இழந்துவிட்டு, பிளேஆஃபின் இறுதித் தொடரான உலகத் தொடரை வென்றது. 2017இல் தொடர்ந்து 22 ஆட்டங்களை வென்ற கிளீவ்லாண்ட் அணி பிளேஆஃபின் முதல் தொடரிலேயே வெளியேறியது. அதே காலத்தில் 17 ஆட்டங்களில் 16ஐ இழந்த லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸோ உலகத் தொடரின் ஏழாவது ஆட்டம் வரை சென்றது. சீசன் முழுவதும் ஐந்து தொடக்க வீச்சாளர்கள் தேவைப்படும் அணிக்கு, இடையிடையே ஓய்வு நாட்கள் வரும் பிளேஆஃபில் மூவரோ நால்வரோ போதும். எனவே முதல் மூவரை மட்டும் தனியே ஒப்பிடுங்கள். முதல் ஆட்டத்தில் அணியின் சிறந்த வீச்சாளர் களமிறங்க முடியுமா, அல்லது சீசனின் கடைசி நாளில் இடத்துக்காகவே அவரைப் பயன்படுத்திவிட்டார்களா என்று பாருங்கள். 2025இல் பிரிவைப் பறிகொடுத்த டைகர்ஸ் சில நாட்களிலேயே அதே கார்டியன்ஸைக் கிளீவ்லாண்டிலேயே மூன்று ஆட்டத் தொடரில் சந்தித்தது. முதல் ஆட்டத்தில் டாரிக் ஸ்கூபல் 14 ஸ்ட்ரைக்அவுட்களை எடுத்தார். டைகர்ஸ் 2–1 என்று அந்த ஆட்டத்தையும், பின்னர் அதே கணக்கில் தொடரையும் வென்றது.