குழந்தையின் நடத்தை கவலை தரும்போது: கண்டிக்கும் முன் கவனிக்க வேண்டியவை

நன்றாக விளையாடிக்கொண்டிருந்த மூன்று வயதுக் குழந்தை திடீரென்று மற்ற பிள்ளைகளைக் கடிக்கத் தொடங்கினால், பிடிவாதம், செல்லம் கொடுத்துக் கெடுத்தது, கண்திருஷ்டி என்று வீட்டில் உடனே ஒரு பெயர் சூட்டிவிடுகிறார்கள். குழந்தை ஏன் கடிக்கிறது என்பதற்கு இந்தப் பெயர்களில் விடை கிடைப்பதில்லை. வலி, பயம், தூக்கமின்மை ஆகியவற்றை எடுத்துச் சொல்லும் அளவுக்குப் பேச்சு வளராத வயதில் அவை எல்லாம் நடத்தையாகவே வெளிப்படுகின்றன என்பதால், கண்டிப்பதற்கு முன் கவனிப்பதே சரியான வரிசை.

கவனிப்பதற்கு ஒரு சிறிய நோட்டுப் புத்தகம் போதும். இரண்டு வாரங்களுக்கு, அந்த நடத்தை வரும் ஒவ்வொரு முறையும், அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, குழந்தை சரியாக என்ன செய்தது, அதன்பின் பெரியவர்கள் என்ன செய்தார்கள் என்ற மூன்றையும் எழுதுங்கள். 'அடம் பிடித்தான்' என்ற குறிப்பால் யாருக்கும் பயனில்லை. 'மாலை ஐந்தரைக்கு டிவியை அணைத்ததும் தரையில் படுத்துக் காலை உதைத்தான், பாட்டி போனைக் கொடுத்ததும் நின்றான்' என்று எழுதினால் அதிலிருந்து காரணத்தைத் தேட முடியும். அன்று மதியம் தூங்கியதா, சாப்பிட்டதா என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெரியவர்கள் செய்ததை எழுதத்தான் எல்லோருக்கும் கை தயங்கும், ஆனால் பல வீடுகளில் விடை அங்கேதான் இருக்கிறது. அழுதால் போன் கிடைக்கும் என்று குழந்தை கற்றுக்கொண்டிருந்தால், அடிப்பதைவிட, தாத்தா பாட்டி உட்பட வீட்டில் உள்ள அனைவரும் ஒரே மாதிரி நடந்துகொள்வதென்று முடிவு செய்வதே பலன் தரும். அங்கன்வாடி ஊழியரிடமும் கேளுங்கள்; ஓர் இடத்தில் மட்டுமே வரும் நடத்தைக்குக் காரணம் பெரும்பாலும் அந்த இடத்திலேயே இருக்கும்.

அடுத்து உடம்பைப் பார்க்க வேண்டும். கூப்பிட்டால் திரும்பாத குழந்தைக்குக் காது கேட்காமல் இருக்கலாம். சளி பிடித்த பின் நடுக்காதில் நீர் தேங்கினால் சில நாள் நன்றாகவும் சில நாள் மந்தமாகவும் கேட்கும் என்பதால், 'வேண்டுமென்றே கேட்காததுபோல் நடிக்கிறது' என்ற தவறான எண்ணம் எளிதில் வந்துவிடுகிறது. மலச்சிக்கலும், இரவில் ஆசனவாயில் அரிப்பைத் தரும் கீரிப்பூச்சியும் குழந்தையை எரிச்சல்படுத்தும். மூக்கின் பின்புறம் உள்ள அடினாய்டு என்ற சதை வீங்கிக் குறட்டை விட்டுத் தூங்கும் குழந்தை, பெரியவர்களைப்போல் பகலில் சோர்ந்து கிடக்காமல், ஓரிடத்தில் நில்லாமல் ஓடித் திரியலாம். மண், சுண்ணாம்பு, சாக்பீஸ் தின்பது இரும்புச்சத்துக் குறைவின் அடையாளமாக இருக்கலாம் என்பதால் இரத்தப் பரிசோதனை தேவை. அழுதுகொண்டே மூச்சடக்கி, உதடு நீலமாகிச் சில நொடிகள் மயங்கும் குழந்தைகளிலும் இக்குறைவு அடிக்கடி காணப்படுகிறது. அந்த நேரத்தில் வாயில் தண்ணீர் ஊற்றாமல், பக்கவாட்டில் படுக்கவைத்து, பிறகு மருத்துவரிடம் காட்ட வேண்டும். விளையாட்டின் நடுவே சில நொடிகள் வெறித்துப் பார்த்து, தொட்டாலும் அசையாமல் இருந்து, பின் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தால் அது வலிப்பின் ஒரு வகையாக இருக்கலாம் என்பதால், கைபேசியில் காணொளி எடுத்து வையுங்கள்.

வயதுக்கு இயல்பான நடத்தைகளும் உண்டு. ஒன்று முதல் மூன்று வயதுவரை தரையில் புரண்டு அழுவதும், ஐந்து வயதுவரை இரவில் படுக்கையை நனைப்பதும் கவலைக்குரியவை அல்ல. தம்பியோ தங்கையோ பிறந்த பின் மூத்த குழந்தை மறுபடியும் பால்புட்டி கேட்டால், அதற்கென்று தனியே நேரம் ஒதுக்கிச் சில வாரங்கள் பொறுத்துப் பாருங்கள்.

பொறுத்திருக்கக் கூடாதவை வேறு. பன்னிரண்டு மாதத்தில் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமை, பதினெட்டு மாதத்தில் விரும்பியதை விரலால் சுட்டிக்காட்டாமை, இரண்டு வயதில் தானாக இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசாமை, எந்த வயதிலாயினும் முன்பு பேசிய சொற்களை இழப்பது ஆகியவற்றைக் கண்டால் உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். 'ஆண் பிள்ளை லேட்டாகத்தான் பேசும்', 'இவன் அப்பாவும் மூன்று வயதில்தான் பேசினார்' என்ற ஆறுதல் சொற்களை நம்பிப் பல குடும்பங்கள் பேச்சு, வளர்ச்சிப் பயிற்சிக்கு மிகவும் உகந்த மாதங்களை இழந்துவிடுகின்றன. அன்போடு சொல்லப்படுபவை என்பதாலேயே அவற்றை மறுப்பது கடினம், ஆனாலும் மறுக்கத்தான் வேண்டும். 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத்திட்டத்தின் கீழ் மருத்துவக் குழுவினர் அங்கன்வாடிகளுக்கு வந்து பரிசோதிக்கிறார்கள்; மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையங்களில் காது, பேச்சு, வளர்ச்சி ஆகியவற்றைக் கட்டணமின்றிப் பார்க்கிறார்கள். நோய்ப்பெயர் உறுதியாகும்வரை பயிற்சியைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

குறிப்பிட்ட ஒருவரைக் கண்டாலோ, ஒரு வீட்டுக்குப் போகச் சொன்னாலோ குழந்தை திடீரென்று நடுங்கினால், அல்லது பிறப்புறுப்பில் வலி என்றால், பாலியல் துன்புறுத்தல் நடந்திருக்கலாம் என்பதால், துருவித் துருவிக் கேட்காமல், 'சொன்னது நல்லது, உன்மேல் தப்பே இல்லை' என்று மட்டும் சொல்லி, குழந்தையை அந்த நபரிடம் தனியே விடாமல், 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழையுங்கள். உறவு முறிந்துவிடுமே என்று மறைப்பது குழந்தையை மீண்டும் அதே ஆபத்தில் விடுவதாகும். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி இத்தகைய குற்றத்தைத் தெரிவிப்பதும் கட்டாயம்.

மருத்துவரிடம் போகும்போது நோட்டுப் புத்தகம், காணொளி, தடுப்பூசி அட்டை, பிரசவத்தின்போது தந்த மருத்துவமனைச் சீட்டு ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். பேசாத குழந்தைக்கும் தன்னைப் பற்றிய பேச்சு புரியும் என்பதால், நீங்கள் மருத்துவரிடம் விவரம் சொல்லும் நேரத்தில் வீட்டார் ஒருவர் குழந்தையுடன் வெளியே இருக்கட்டும்.