டாக்டர் ஹூ ஒலி நாடகங்களை எங்கிருந்து கேட்கத் தொடங்குவது?

1963 நவம்பர் 23 அன்று பிபிசி தொலைக்காட்சியில் தொடங்கிய, ‘டாக்டர்’ என்ற வேற்றுலகவர் காலத்தில் பயணிக்கும் ‘டாக்டர் ஹூ’ தொடரை விரும்பிப் பார்ப்பவர்களுக்கு, அதற்கு ஒலி நாடகங்களும் இருக்கின்றன என்று தெரியவரும்போது முதலில் மகிழ்ச்சியும் அடுத்த கணமே மலைப்பும் ஏற்படும். பிக் ஃபினிஷ் நிறுவனம் வெளியிட்ட மாதாந்திரத் தொடரில் மட்டும் 1999 முதல் 2021 வரை 275 வெளியீடுகள் உள்ளன. டாக்டரே இல்லாத கிளைத் தொடர்கள், ஒவ்வொரு டாக்டருக்கும் (அவர் உடல் மாறும்போதெல்லாம் வேறொரு நடிகர் அந்த வேடத்தை ஏற்பார்) தனித்தனியாக வந்த தொகுப்புகள் ஆகியவை இந்தக் கணக்கில் சேரவில்லை. எண் ஒன்றில் தொடங்கி வரிசையாகக் கேட்க முயன்று, பத்துப் பன்னிரண்டு கதைகளுக்குள் களைத்து விட்டுவிட்டவர்களை நான் அறிவேன். வெளியீட்டு எண்களை ஒதுக்கிவிட்டு, மனத்துக்குப் பிடித்த ஒரு கதாபாத்திரத்தின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே நுழைவதே நல்ல வழி என்பது பல ஆண்டுகள் கேட்டபின் எனக்கு உறுதிப்பட்ட கருத்து.

இந்த நாடகங்கள் எப்படி வந்தன என்பதைச் சிறிது தெரிந்துகொண்டால் தேர்வு எளிதாகும். தொலைக்காட்சித் தொடர் 1989இல் நின்றுபோனது; 1996இல் பால் மெக்கேன் நடித்த ஒரே ஒரு தொலைக்காட்சிப் படம் வந்தது; 2005 வரை வேறு புதிய தொடர் இல்லை. அந்த இடைவெளியில்தான் பிக் ஃபினிஷ் தொடங்கியது. டாக்டரைப் பயன்படுத்தும் உரிமை அப்போது அவர்களிடம் இல்லாததால், நாவல்களில் டாக்டரின் உடன்பயணியாக அறிமுகமான தொல்லியலாளர் பெர்னிஸ் சம்மர்ஃபீல்டை மையமாக வைத்து, லிசா பவர்மன் நடிப்பில் 1998இல் முதல் நாடகத்தை வெளியிட்டார்கள். அதாவது, கிளைத் தொடர்தான் இங்கே முதலில் முளைத்தது. மறு ஆண்டு உரிமை கிடைத்ததும் பீட்டர் டேவிசன், காலின் பேக்கர், சில்வெஸ்டர் மெக்காய் மூவரும் சேர்ந்து நடித்த ‘த சைரன்ஸ் ஆஃப் டைம்’ வெளிவந்தது. மாதாந்திரத் தொடரின் எண் ஒன்று அதுதான். ஆனால் மூன்று டாக்டர்களையும் ஏற்கெனவே அறிந்தவர்களுக்காக எழுதப்பட்ட கதை என்பதால், புதியவர் தொடங்குவதற்கு அது ஏற்றதல்ல.

தொலைக்காட்சியில் நடித்தவர்களே ஒலியிலும் நடிக்கிறார்கள் என்பது இந்த நாடகங்களின் பெரும்பலம். ஆகவே, நீங்கள் திரையில் நேசித்த டாக்டர் யார் என்று முதலில் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். டாம் பேக்கர் என்றால் 2012இல் தொடங்கிய நான்காம் டாக்டர் கதைகள் இருக்கின்றன. டேவிட் டெனன்ட் என்றால் 2016இல் கேத்தரின் டேட்டுடன் அவர் நடித்த தொகுப்பும், கிறிஸ்டோபர் எக்கிள்ஸ்டன் என்றால் 2021இல் தொடங்கிய தொகுப்புகளும் காத்திருக்கின்றன. திரையில் தெரிந்த உறவை ஒலியில் தொடர்வது எளிது. முதல் பத்து நிமிடங்களிலேயே காது பழகிவிடும்.

யாரையும் குறிப்பாகப் பிடிக்கவில்லை, எல்லாமே புதிது என்பவர்களுக்கு நான் தயங்காமல் சொல்வது 2001 ஜனவரியில் வெளிவந்த ‘ஸ்டார்ம் வார்னிங்’. திரையில் ஒரே ஒரு படத்தோடு நின்றுபோன பால் மெக்கேனின் எட்டாம் டாக்டர் இங்கேதான் முழு மனிதராகிறார். ஆர்101 என்ற பிரிட்டிஷ் வான்கப்பல் 1930 அக்டோபர் 5 அன்று பிரான்சில் விழுந்து எரிந்தது வரலாற்று உண்மை. அந்தக் கப்பலில் திருட்டுத்தனமாக ஏறிய சார்லி பொல்லார்ட் என்ற இளம்பெண்ணை டாக்டர் காப்பாற்றுகிறார். ஆனால் வரலாற்றின்படி அவள் அங்கே இறந்திருக்க வேண்டியவள். இறக்க வேண்டியவள் உயிரோடிருந்தால் காலத்துக்கு என்ன ஆகும் என்ற கேள்வி, 2001இல் நான்கு கதைகளும் 2002இல் ஆறு கதைகளுமாக நீண்டு, ‘நெவர்லேண்ட்’ என்ற நாடகத்தில் பதிலைச் சந்திக்கிறது. இந்தப் பத்தையும் வெளிவந்த வரிசையிலேயே கேளுங்கள். சில கதைகள் சற்றுத் தளர்ந்திருந்தாலும் தாண்டிப் போகாதீர்கள்; சார்லியாக நடித்த இந்தியா ஃபிஷரின் குரலில் மெல்ல மெல்லச் சேரும் ஐயம், இடையில் விட்டவருக்குக் கேட்காது.

இந்தப் பத்தில் ஒன்றான ‘த சைம்ஸ் ஆஃப் மிட்நைட்’ நாடகத்தை மட்டும் இரவில், ஹெட்ஃபோன் அணிந்து, வேறு வேலை எதுவும் இல்லாமல் கேட்க வேண்டும். ராபர்ட் ஷியர்மன் எழுதியது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்து ஆங்கிலேய வீடொன்றில், வேலைக்காரர்கள் வாழும் கீழ்த்தளத்தில், கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு நடக்கும் கதை. ஒரு கடிகாரம் மணியடிக்கிறது, யாரோ சாகிறார்கள், மீண்டும் மணி. அடுத்த மணி எப்போது விழும் என்று நம் உடல் தானாகவே இறுகிக் காத்திருக்கத் தொடங்கும்போது, காட்சி இல்லாமை ஒரு குறை என்ற எண்ணமே மறைந்துவிடுகிறது. இதைக் கேட்டுக்கொண்டே சமைக்கவோ நடக்கவோ செய்தால் அந்த இறுக்கம் கிடைக்காது.

எப்படிக் கேட்பது என்பதைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். மாதாந்திரத் தொடரின் பெரும்பாலான கதைகள், ஏறத்தாழ 25 நிமிடம் ஓடும் நான்கு பகுதிகளாக, பழைய தொலைக்காட்சி வடிவத்தையே பின்பற்றுகின்றன. ஒவ்வொரு பகுதியும் ஓர் ஆபத்தின் விளிம்பில் நின்று முடியும். நான்கையும் ஒரே மூச்சில் கேட்பதைவிட, நாளுக்கொன்றாகக் கேட்டால் அந்த விளிம்பு தன் வேலையைச் செய்யும். முதல் பகுதியில் ஐந்தாறு புதிய குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருவதால் யார் யார் என்று குழம்புவது இயல்பு. அப்படி நேர்ந்தால் இரண்டாம் பகுதிக்குப் போவதற்கு முன் முதல் பகுதியை மறுபடி கேளுங்கள். 25 நிமிடம் செலவானாலும் மீதி 75 நிமிடமும் தெளிவாகிவிடும். கோப்புகளின் முடிவில் பல சமயம் நடிகர்களின் பேட்டிகள் இருக்கும். கதையின் முடிச்சுகளை அவர்கள் பேச்சில் அவிழ்த்துவிடுவார்கள் என்பதால் அவற்றைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒலி எப்படிக் கதை சொல்கிறது என்பதற்கு, இயந்திரக் கூட்டுக்குள் வாழும் டாக்டரின் கொடிய எதிரியான டாலெக்கின் குரலே நல்ல பாடம். நடிகரின் குரலை ரிங் மாடுலேட்டர் என்ற கருவி வழியே செலுத்தி அந்தக் கரகரப்பை உண்டாக்குகிறார்கள். நிக்கலஸ் பிரிக்ஸ் ஒலி நாடகங்களில் இந்தக் குரலைச் செய்துவந்தவர். 2005இல் தொடர் திரும்பியபோது தொலைக்காட்சியிலும் அவரே டாலெக்குகளுக்குக் குரல் கொடுத்தார். படம் இல்லாதபோது டாலெக்குகள் பலவற்றைக் குரலால் மட்டுமே பிரித்துக்காட்ட வேண்டும் என்பதால், ஒன்றின் ஆத்திரத்தையும் மற்றொன்றின் தந்திரத்தையும் அவர் வேறுபடுத்துவதைக் கவனித்துக் கேளுங்கள். 2003இல் ஷியர்மன் எழுதிய ‘ஜூபிலி’யில் சிறைப்பட்ட ஒற்றை டாலெக் பேசுவதைக் கேட்டால் இது நன்றாக விளங்கும், 2005இன் ‘டாலெக்’ என்ற தொலைக்காட்சிக் கதை பிறந்தது அந்த நாடகத்திலிருந்துதான்.

மார்க் பிளாட் எழுதி 2002இல் வந்த ‘ஸ்பேர் பார்ட்ஸ்’ நாடகத்தையும் தனியாகக் கேட்கலாம். முன்கதை அதிகம் தேவையில்லை. மனிதர்கள் இயந்திரமாக மாற்றப்பட்ட சைபர்மேன்கள் எப்படி உருவானார்கள் என்பதே கதை. 1960களின் பழைய சைபர்மேன் குரல், ஏற்ற இறக்கங்கள் தவறான இடத்தில் விழும் அந்த விநோதப் பாட்டுக் குரல், இதில் ஓர் எளிய குடும்பத்தின் வீட்டு வாசலில் ஒலிக்கிறது. யார் வந்திருப்பது என்று கேட்பவருக்குப் புரியும் கணத்தை நான் கெடுக்கப்போவதில்லை. மனிதக் குரலின் எச்சம் அந்த இயந்திரக் குரலுக்குள் எங்கே இருக்கிறது என்று மட்டும் தேடிக் கேளுங்கள்.

இனி, டாக்டர் இல்லாத கிளைத் தொடர்கள். இவற்றில் வரிசை முக்கியமானவை எவை, அல்லாதவை எவை என்று தெரிந்துகொண்டால் போதும். ‘காலிஃப்ரே’, டாக்டரின் சொந்தக் கிரகத்தில் நடக்கும், 2004இல் தொடங்கிய அரசியல் நாடகம். டாக்டரின் முன்னாள் உடன்பயணிகளான ரோமானாவாக லல்லா வார்டும் லீலாவாக லூயிஸ் ஜேம்சனும் நடிக்கிறார்கள். பதவி, சூழ்ச்சி, கூட்டணி முறிவு என்று போகும் இதை முதல் பருவத்திலிருந்து வரிசையாகத்தான் கேட்க வேண்டும். 2001இல் தொடங்கிய ‘டாலெக் எம்பயர்’ தொடருக்கும் அதே விதி. டாக்டர் வந்து காப்பாற்ற மாட்டார் என்பதால் அதன் அச்சம் வேறு வகையானது. டாலெக்குகளைப் படைத்தவனின் இளமையைச் சொல்லும் ‘ஐ, டாவ்ரோஸ்’ நான்கே நாடகங்கள் கொண்டது, 2006இல் வந்தது. தொடரைப் பற்றி எதுவுமே தெரியாதவருக்கும் கொடுக்கலாம். வேற்றுலக ஆபத்துகளை எதிர்கொள்ளும் இரகசிய அமைப்பைப் பற்றிய ‘டார்ச்வுட்’ கதைகளில் 2015 முதல் வந்த ஒற்றை நாடகங்கள் பெரும்பாலும் தனித்தே நிற்கும், ஆனால் அவை வயது வந்தவர்களுக்கானவை. குழந்தைகள் அருகில் இருக்கும்போது ஒலிபெருக்கியில் போட வேண்டாம்.

எனக்கு மிகவும் நெருக்கமானது ‘ஜாகோ அண்ட் லைட்ஃபுட்’. 1977இல் ஒரே ஒரு தொலைக்காட்சிக் கதையில் வந்துபோன இரண்டு துணைக் கதாபாத்திரங்கள், அதாவது வாய்ச்சவடால் மிக்க அரங்க நிர்வாகி ஜாகோவும் பிணக்கூறாய்வு செய்யும் பேராசிரியர் லைட்ஃபுட்டும், முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு அதே நடிகர்களின் குரலில் மீண்டு, 2010 முதல் 2017 வரை பதின்மூன்று பருவங்கள் விக்டோரியா காலத்து லண்டனில் துப்பறிந்தார்கள். கிறிஸ்டோபர் பெஞ்சமின் அடுக்குச் சொற்களை உருட்டி உருட்டிப் பேசுவதும், டிரெவர் பாக்ஸ்டர் ஒரே சொல்லில் அதை நிறுத்துவதும், இரண்டு முதிய நண்பர்களின் அருகில் உட்கார்ந்திருக்கும் உணர்வைத் தரும். பாக்ஸ்டர் 2017இல் காலமானார். அதோடு தொடரும் நின்றது. முதல் பருவத்தின் நான்கு கதைகளைக் கேட்டபின் பிடித்தால் மட்டும் தொடருங்கள். பிடித்துவிட்டால், கடைசிப் பருவத்தை அவசரமாக முடிக்காமல் கொஞ்சம் கொஞ்சமாகக் கேளுங்கள்.