சிமுலேட்டர் கொஞ்சம் பொய் சொல்லட்டும்

போன மாதம், அணுமின் பயிற்சிப் பொறுப்புக்குப் புதிதாக வந்தவர் சிமுலேட்டரில், அதாவது கன்ட்ரோல் ரூமைப் போலவே அமைத்த பயிற்சி அறையில், நடத்திய பயிற்சியைப் பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன். ஒரு பம்ப் நின்றது, அலாரம் அடித்தது, குழு கையேட்டைத் திறந்து வரிசையாகச் செய்தது, எல்லோரும் பாஸ். அடுத்து டீ. பதினைந்து வருஷத்துக்கு முன்னால் நான் நடத்தியதும் அச்சு அசல் இதேதான். ஸ்லைடைப் பார்த்து வாசிக்காதீர்கள் என்பதுபோன்ற புத்திமதியை யார் வேண்டுமானாலும் சொல்வார்கள். நான் சொல்ல வந்தது வேறு: இந்தப் பொறுப்புக்கு வருகிறவர்கள் செய்யும், நானும் செய்த, சில தவறுகள்.

கருவியெல்லாம் அரிச்சந்திரன் என்று பழக்கிவிடுவது

1979 மார்ச் 28. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் த்ரீ மைல் ஐலண்ட் இரண்டாம் உலை. அழுத்தத்தைக் குறைக்கத் திறந்த வால்வு மூடாமல் சிக்கிக்கொண்டது. கன்ட்ரோல் ரூமில் அதற்கான விளக்கோ அணைந்துவிட்டது. வால்வு மூடிவிட்டதென்று எல்லோரும் நம்பினார்கள். மூடச் சொல்லிக் கட்டளை போனது மட்டும்தான் அந்த விளக்குக்குத் தெரியும். மூடியதா என்பது தெரியாது.

உலையிலிருந்து நீர் போய்க்கொண்டே இருக்க, உலையின் அழுத்தத்தைச் சீராக வைக்கும் தொட்டியான பிரஷரைசரில் மட்டும் நீர்மட்டம் ஏறியது. பிரஷரைசரை முழுக்க நிரம்ப விடக்கூடாது என்று ஆபரேட்டர்களுக்கு அழுத்தி அழுத்திச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அதனால், தானாக ஓடத் தொடங்கிய அவசரக் குளிர்நீரை அவர்களே குறைத்தார்கள். உலை மையத்தில் பாதியளவு உருகிப்போனது. வால்வுக்கு அடுத்த குழாய் சூடாக இருந்ததும் பேனலில் தெரிந்தது. ஆனால் அந்த வால்வு முன்பிருந்தே கசிந்ததால் அந்தச் சூடு அவர்களுக்குப் பழகிப்போயிருந்தது.

எனக்கு எரிச்சல் வருவது இங்கேதான். 1977 செப்டம்பரிலேயே ஒஹாயோவின் டேவிஸ்-பெஸ்ஸி நிலையத்தில் கிட்டத்தட்ட இதே கதை நடந்திருந்தது. அங்கும் வால்வு சிக்கியது, அங்கும் நீரைக் குறைத்தார்கள். உலை குறைந்த சக்தியில் ஓடியதாலும், இருபது நிமிஷத்தில் கண்டுபிடித்ததாலும் தப்பினார்கள். அந்தப் பாடம் பென்சில்வேனியா பேனலுக்கு முன்னால் நின்றவர்களிடம் போய்ச் சேரவில்லை.

இதையெல்லாம் வருஷக்கணக்காக வகுப்பில் நானே உருக்கமாகச் சொல்லிவந்தேன். தேர்வில் கேள்வியும் கேட்டேன். ஆனால் என் சிமுலேட்டரில் ஒரு அளவுகாட்டிகூடப் பொய் சொன்னதில்லை!

ஒருநாள் வேண்டுமென்றே, உலையின் வெப்பத்தில் நீரை நீராவியாக்கும் ஸ்டீம் ஜெனரேட்டரின் நீர்மட்டக் காட்டி ஒன்றை அப்படியே உறையவைத்தேன். உள்ளே மட்டம் இறங்கிக்கொண்டிருக்க, முள் அசையவில்லை. கடைசியில் ரியாக்டர் ட்ரிப் ஆனது, அதாவது உலை தானாக நின்றது. ஷிப்ட் இன்சார்ஜ் என் பக்கம் திரும்பி, "சிமுலேட்டர் ஹேங் ஆயிடுச்சு போல சார், ரீசெட் பண்ணிடுங்க" என்றார்.

டீ குடிக்கும்போது பேனலில் நின்ற பையன் மெதுவாகச் சொன்னான்: "உள்ள வர்ற தண்ணியும் வெளிய போற ஸ்டீமும் ஒத்துப்போகல சார். பார்த்தேன்."

"ஏன் சொல்லல?"

"இன்சார்ஜ் சார்தான் முள்ளைப் பார்த்துட்டு எல்லாம் சரின்னுட்டாரே."

இரண்டு நாள் அவர்கள்மேல்தான் கோபமாக இருந்தேன். முள்ளை நம்பப் பழக்கியது நான்தான் என்று உறைக்க அத்தனை நேரம் ஆனது.

இப்போதெல்லாம் ஏதாவது ஒரு காட்டி பொய் சொல்லலாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவேன். எது என்று சொல்லமாட்டேன். ஒரு அளவைப் படித்தால் அதை இன்னொன்றோடு ஒப்பிட்டு வாய்விட்டுச் சொல்லவேண்டும், அதுவும் ஜூனியர் முதலில். இப்படிச் செய்தால் தேர்ச்சி விகிதம் சரியும், மேலிடம் கூப்பிட்டுக் கேட்கும். அந்த அறையில் நின்று பதில் சொல்லத்தான் உங்களைப் பொறுப்பில் வைத்திருக்கிறார்கள்.

பயிற்சி முடிந்ததும் நீங்களே பேசுவது

வேண்டாம். குழு பேசட்டும்.

ஷிப்ட்டில் வேண்டாத ஆளைப் பயிற்றுநராக வாங்கிக்கொள்வது

நானும் வாங்கியிருக்கிறேன். திருப்பி அனுப்ப ஒரு வருஷம் ஆனது.

ஒப்பந்தத் தொழிலாளர்களிடம் கையெழுத்து வாங்கினால் பயிற்சி முடிந்தது என்பது

ஆங்கில வீடியோ ஓடும், பதிவேடு சுற்றி வரும். டோசிமீட்டர் பேட்ஜைச் சட்டைப்பையில் சாவிக்கொத்தோடு போட்டுக்கொண்டு வந்த ஒரு அண்ணனிடம் அது எதற்கு என்று கேட்டேன். "இது இருந்தா கதிர்வீச்சு அண்டாதுங்களே" என்றார். வாங்கிய கதிர்வீச்சை அது அளக்கும், தடுக்காது என்று யாரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை. பதிவேட்டைப் புரட்டினேன். மூன்று இடத்தில் அவர் கையெழுத்து இருந்தது.