கச்சான் வரிசைக்குள் களை எடுக்க நாம்பன் சோடியைப் பழக்குவது எப்படி?

காலபோகத்தின் முதல் உழவை உழவு இயந்திரமே செய்யட்டும். ஆனால் அரை ஏக்கர் கச்சானுக்குள் வரிசை இடையில் களை எடுக்க மாடுதான் பொருத்தம். 2022இல் டீசல் தட்டுப்பாட்டில் தவித்த வன்னிக் கமக்காரருக்கு இதை நீட்டி விளக்கத் தேவையில்லை.

1. சோடி சேருங்கள்
இரண்டு, மூன்று வயது நாம்பன்கள்; உயரமும் நடையும் ஒத்தவை, நலம் அடித்தவை (விதை நீக்கியவை). உள்ளூர் மாடு சிறியது என்று தயங்காதீர்கள். தன் எடையில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கை அது தொடர்ந்து இழுக்கும். களைக்கருவிக்கு அது போதும்.

2. நுகத்துக்குப் பழக்குங்கள்
முதலில் சுமை இல்லாமல், காலையில் அரை மணி நேரம் நடை மட்டும். இடப்பக்க மாடு எப்போதும் இடப்பக்கமே நிற்க வேண்டும். ஏவும் சொற்களையும் மாற்றாதீர்கள். ஊரில் பழகிய எருது இருந்தால் அதனோடு ஒரு நாம்பனைப் பூட்டுங்கள். அதைவிட நல்ல ஆசான் கிடையாது. பிறகு சிறிய மரக்குற்றியை இழுக்கவிடுங்கள். அடித்துப் பழக்கிய மாடு பயிருக்குள் மிரளும். கேட்டி, அதாவது மாடு ஓட்டும் கம்பு, வழிகாட்ட மட்டுமே.

3. நுகத்தை அளந்து செய்யுங்கள்
இதில் அவசரம் வேண்டாம். கச்சானை 45 செ.மீ. இடைவெளியில் வரிசையாக விதைத்திருந்தால், கருவி நடு இடைவெளியிலும் மாடுகள் அதன் இருபுறத்து இடைவெளிகளிலும் நடக்க வேண்டும். ஆகவே ஒரு கழுத்தின் நடுவிலிருந்து மறு கழுத்தின் நடுவுக்கு 90 செ.மீ. இருக்க வேண்டும். உழவு நுகத்தையே இதற்கும் மாட்டினால் மாடு பயிரை மிதிக்கும். தனி நுகம் செய்வியுங்கள். கருவியின் அகலம் 30 செ.மீ.க்குள் இருக்கட்டும். வாய்க்கூடு கட்டாவிட்டால் களைக்கு முன் கச்சான் கொழுந்து போய்விடும். பூவிலிருந்து காய் பிடிக்கும் விழுது மண்ணில் இறங்கத் தொடங்கியபின் கருவியை உள்ளே விடவே கூடாது.

வெயில் ஏறுமுன் அவிழ்த்துவிடுங்கள். கழுத்தைத் தினமும் தடவிப் பாருங்கள். வீக்கமோ புண்ணோ கண்டால் ஆறும்வரை நுகம் வேண்டாம்.

4. அயலவருக்குக் காட்டுங்கள்
கூட்டம் போட்டுப் பேசுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. களை எடுக்கும் காலையில் அயலவரை வரவழைத்துக் கயிற்றை அவர்கள் கையிலேயே கொடுங்கள். நாள் முழுதும் குனிந்து களை பிடுங்கும் பெண்களை முதலில் அழையுங்கள். செலவையும் மறைக்காதீர்கள்: ஆடி, ஆவணியில் மேய்ச்சல் காய்ந்துவிடும், எனவே அறுவடை முடிந்ததும் வைக்கோலை எரிக்காமல் போர் வைக்க வேண்டும். தனியாகத் தீனி போட முடியாதவர்கள் மூன்று, நான்கு வீட்டாராக ஒரு சோடியை வைத்திருக்கலாம். அப்படியானால் விதைப்பையும் இரண்டு மூன்று நாள் தள்ளித் தள்ளி வையுங்கள். இல்லையென்றால் எல்லோருக்கும் ஒரே நாளில் மாடு தேவைப்படும்.