இருமல் சிரப் மைக்ரோபியல் லிமிட் டெஸ்ட்: பிளேட்ல ஜீரோ வந்தா உடனே பாஸ் போடாதீங்க

சிரப்ல எவ்வளவு கிருமி இருக்குனு எண்ணிப் பாக்க அத பிளேட் போட்டு இன்குபேட்டர்ல வச்சு 5 நாள் கழிச்சு எடுத்தா ஒரு காலனி (கிருமி வளந்து கண்ணுக்குத் தெரியற புள்ளி) கூட இல்ல, பாஸ்னு எழுதிட்டு அடுத்த சாம்பிளுக்குப் போயிடுவோம், ஆனா அந்த சிரப்ல மெத்தில் பாரபென் (சிரப் கெடாம காக்கற பிரிசர்வேட்டிவ்) இருக்குல்ல, அது பாட்டில்ல பாத்த வேலைய உங்க அகார்லயும் (பிளேட்ல கிருமி வளர்க்கற ஜெல்லி மீடியா) பாத்து, இருந்த கிருமிய வளர விடாம அமுக்கியிருக்கலாம். அதனால டெஸ்ட்ட ரொட்டீனா ஓட்டறதுக்கு முன்னாடி மெத்தட் சூட்டபிலிட்டி, அதாவது சிரப்ல நாமளே கிருமிய விட்டு அது பிளேட்ல திரும்ப வருதான்னு பாக்கறது, பண்ணியே ஆகணும்.

முதல்ல மீடியாவ பாத்துடுங்க. பொடி கரைச்சு ஆட்டோகிளேவ் பண்ற ஒவ்வொரு பேட்சுக்கும் குரோத் பிரமோஷன் (மீடியால கிருமி ஒழுங்கா வளருதான்னு பாக்கற சோதனை) வேணும், போடற கிருமி 100 சிஎஃப்யூவ (காலனியா வளரக்கூடிய கிருமி எண்ணிக்கை) தாண்டக்கூடாது. லட்சக்கணக்குல கொட்டினா சத்தில்லாத மீடியாலயும் வளரத்தான் செய்யும், அதுல என்ன தெரியப்போகுது?

டெஸ்ட்டுக்கு விடற கல்ச்சர் அஞ்சு, நம்பரெல்லாம் ஏடிசிசிங்கற கல்ச்சர் சேமிப்பகத்தோடது: ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் ஏடிசிசி 6538, சூடோமோனாஸ் ஏருஜினோசா 9027, பேசில்லஸ் சப்டிலிஸ் 6633, கேண்டிடா அல்பிகன்ஸ் 10231, ஆஸ்பர்ஜில்லஸ் பிரேசிலியென்சிஸ் 16404 (சீனியருங்க இன்னும் நைஜர்னுதான் சொல்லுவாங்க). மாஸ்டர் சீட் லாட்ல (மூல கல்ச்சர்) இருந்து 5 பாசேஜுக்கு (புது மீடியாக்கு மாத்தி வளர்க்கற தடவை) மேல போகாதீங்க. ஒவ்வொண்ணையும் தனித்தனியா போடணும், கலக்கக்கூடாது.

இப்ப விஷயத்துக்கு வரேன். சிரப் 10 மிலி, பஃபர் 90 மிலி, கலக்கிட்டா 1:10. அதுல 9.9 மிலி எடுத்து, மில்லிக்கு சுமார் 7000 சிஎஃப்யூ இருக்கற சஸ்பென்ஷன் 0.1 மிலி விடுங்க, அதே அளவு வெறும் பஃபர்லயும் விடுங்க, இதுதான் உங்க பாசிட்டிவ் கண்ட்ரோல். ரெண்டுலயும் 1 மிலி எடுத்து போர் பிளேட் பண்ணுங்க (பிளேட்ல விட்டு மேல உருகின அகார ஊத்தறது), அகார் 45 டிகிரிக்கு மேல இருக்கக்கூடாது, அவசரத்துல சூடா ஊத்திட்டு அப்புறம் பாரபென் மேல பழி போடறது நிறைய லேப்ல நடக்குது. பஃபர் பிளேட்ல 72 வந்துச்சுன்னா சிரப் பிளேட்ல 36ல இருந்து 144க்குள்ள வரணும். 8 வந்தா சிரப் கிருமிய அடக்குதுனு அர்த்தம், அந்த முறைல வர்ற ஜீரோவுக்கு மதிப்பே இல்ல.

கூடவே கிருமியே போடாம டைல்யூயன்ட் (சிரப்ப நீர்க்க வைக்கற பஃபர்) மட்டும் ஊத்தின நெகட்டிவ் கண்ட்ரோல், அதுல ஒரு காலனி வந்தாலும் எங்க இருந்து வந்துச்சுனு தேடிப்பிடிக்காம விடாதீங்க.

ரெகவரி (விட்ட கிருமி பிளேட்ல திரும்பக் கிடைக்கறது) வரலைன்னா எல்லாரும் முதல்ல செய்யறது 1:100க்கு டைல்யூட் பண்றது. சுலபம்தான், பாஸும் ஆகிடும், ஆனா 1:100ல ஒரு காலனின்னா மில்லிக்கு 100 சிஎஃப்யூ, வாய்வழி சிரப்புக்கு ஈஸ்ட் மோல்டு லிமிட்டோ மில்லிக்கு 10தான், அப்ப லிமிட்ட தாண்டினா கூட உங்க பிளேட்டுக்குத் தெரியாது. என்னைக் கேட்டா முதல்ல 1:10லயே டைல்யூயன்ட்ல பாலிசார்பேட் 80ம் லெசித்தினும் (பாரபென செயலிழக்க வைக்கற நியூட்ரலைசருங்க) சேத்துப் பாருங்க, அதுவும் சரிவரலைன்னா 0.45 மைக்ரான் மெம்பிரேன்ல வடிகட்டி நல்லா கழுவிட்டு ஃபில்டர அகார் மேல வைங்க.

நியூட்ரலைசர் சேத்தா இன்னொரு கண்ட்ரோல் கூடும், இத நிறைய பேர் விட்டுடறாங்க. சிரப் இல்லாம நியூட்ரலைசர் போட்ட டைல்யூயன்ட்லயும் அதே கிருமிய விட்டு, வெறும் பஃபரோட ஒப்பிடணும், ஏன்னா நியூட்ரலைசரே கிருமிய கொன்னாலும் கொல்லும்.

ஆஸ்பர்ஜில்லஸ் பிளேட்ட கடைசி நாள் வரைக்கும் தொடாம வச்சீங்கன்னா ஒண்ணோட ஒண்ணு படர்ந்துடும், எண்ணவே முடியாது, அதனால ரெண்டாவது நாள்ல இருந்தே எடுத்து எண்ணிடுங்க.

எந்த டைல்யூஷன், எந்த நியூட்ரலைசர், எத்தனை தடவை கழுவினதுல பாஸ் ஆச்சோ ரொட்டீன் டெஸ்ட்டும் அச்சு அசல் அப்படியேதான் போகணும். ஃபார்முலால பாரபென் அளவு மாறினா எல்லாத்தையும் திரும்ப முதல்ல இருந்து பண்ணணும், புரொடக்‌ஷன்காரங்க எவ்வளவு அவசரப்படுத்தினாலும் சரி.