டிஜிட்டல் ஸ்டாம்ப் கொண்டு வாழ்த்து அட்டை: கோடு கரையாமல் அச்சிட்டு வண்ணம் தீட்டும் முறை

ரப்பர் ஸ்டாம்பை மையில் ஒற்றித் தாளில் அழுத்துவதற்குப் பதிலாக, அதே கோட்டுப் படத்தைக் கணினிக் கோப்பாகப் பெற்று, வேண்டிய அளவில் அச்சிட்டு, வண்ணம் தீட்டி, வெட்டி அட்டையில் ஒட்டுவதுதான் டிஜிட்டல் ஸ்டாம்ப் முறை. ஒரே படத்தை விரல்நகம் அளவிலும் உள்ளங்கை அளவிலும் அச்சிடலாம், இடவலமாகத் திருப்பலாம், கோட்டின் நிறத்தையே மாற்றலாம் என்பதால் எனக்கு இது ரப்பர் ஸ்டாம்பை விடப் பிடித்துப்போனது. ஆனால் நான் முதலில் செய்த அட்டையில், பூவிதழ்களின் மேல் வாட்டர்கலர் தூரிகை பட்டவுடன் கறுப்புக் கோடு ஊதா கலந்த சாம்பல் நிறமாகக் கரைந்து இதழ் முழுவதும் பரவிவிட்டது. அந்தச் சிக்கலைத் தீர்க்கும் வழியை விரிவாகச் சொல்வதற்காகவே இந்த விளக்கத்தை எழுதுகிறேன். மற்றப் படிகள் எளியவை.

படி 1: கோப்பைத் தேர்ந்தெடுத்தல்

பெரும்பாலான படங்கள் பிஎன்ஜி, ஜேபிஜி ஆகிய இரு வடிவங்களில் கிடைக்கும். பிஎன்ஜி கோப்பில் படத்தின் பின்புலம் பொதுவாக ஒளிபுகும் வெற்றிடமாக இருக்கும்; ஜேபிஜி கோப்பில் அது வெள்ளையாக நிரப்பப்பட்டிருக்கும். ஒரு படத்தின் மேல் இன்னொன்றை வைத்துக் காட்சி அமைக்க விரும்பினால், வெள்ளைச் சதுரம் கீழுள்ள படத்தை மறைத்துவிடும் என்பதால் பிஎன்ஜி தான் உதவும். ஜேபிஜி சுருக்கத்தால் கோட்டின் ஓரங்களில் மங்கலான புள்ளிகள் தோன்றுவதும் உண்டு. ஆகவே இரண்டும் இருந்தால் நான் எப்போதும் பிஎன்ஜியையே எடுக்கிறேன்.

கோப்புடன் வரும் உரிமக் குறிப்பையும் படித்துவிடுங்கள். சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டும் அனுமதி தருபவர்களும், கையால் செய்த அட்டைகளை விற்கவும் அனுமதிப்பவர்களும் இருக்கிறார்கள். வரைந்தவரின் உழைப்பை மதித்து, கோப்பைப் பிறருக்கு அனுப்பாமல் இருப்பது நம் கடமை.

படி 2: அளவை அமைத்தல்

ஏ4 தாளைப் பாதியாக வெட்டினால் கிடைக்கும் ஏ5 துண்டை ஒரு முறை மடித்தால், 105 மில்லிமீட்டர் அகலமும் 148 மில்லிமீட்டர் உயரமும் கொண்ட அட்டை முகப்பு கிடைக்கும். அதில் 70 மில்லிமீட்டர் அகலமுள்ள படம் ஓரங்களில் இடம் விட்டு அழகாக அமரும். அச்சில் கோடு கூர்மையாக வர அங்குலத்துக்கு 300 புள்ளிகள் தேவை; 70 மில்லிமீட்டர் என்பது ஏறத்தாழ இரண்டேமுக்கால் அங்குலம்; ஆகவே படம் குறைந்தது 830 பிக்சல் அகலம் கொண்டதாக இருக்க வேண்டும். சிறுபடத்தைப் பெரிதாக்கினால் வளைகோடுகள் படிக்கட்டுப் போல உடைந்து தெரியும். பெரிய படத்தைச் சிறிதாக்குவதில் அந்தக் கேடு இல்லை, எனினும் மிகவும் சுருக்கினால் மெல்லிய கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

இந்த வேலைக்குப் பலர் வேர்ட் போன்ற எழுத்துச் செயலிகளைப் பயன்படுத்துகிறார்கள். எனக்கு லிப்ரே ஆபீஸ் டிரா என்ற வரைகலைச் செயலிதான் வசதி. அது இலவசம், படத்தின் அகலத்தை மில்லிமீட்டரிலேயே எழுதித் தரலாம், ஒரே தாளில் பல படங்களை நகர்த்தி அடுக்கும்போது எழுத்துச் செயலியில் நிகழ்வது போலப் படம் தானாக இடம் மாறித் தொல்லை தராது. அளவை மாற்றும்போது அகல உயர விகிதம் மாறாமல் இருக்கும் வசதியைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள்.

படி 3: அச்சிடுதல்

என் பூ கரைந்தது இந்தப் படியில் செய்த தவறால்தான். அதே இங்க்ஜெட் (திரவ மையைத் துளிகளாகத் தெளிக்கும்) பிரிண்டரில் சாதாரணத் தாளில் அச்சான எழுத்துகளை ஈரவிரலால் தேய்த்தபோது அவை அசையவே இல்லை. படம் மட்டும் கரைந்தது. ஒரே இயந்திரத்தில் இந்த வேறுபாடு ஏன் என்று தேடியபோதுதான் கறுப்பு மையிலும் இரு வகை உண்டு என்பது புரிந்தது. பிக்மென்ட் இங்க் எனப்படும் நிறமி மையில் நுண்ணிய திடத்துகள்கள் தாளின் மேற்பரப்பில் படிந்து நிற்கும், உலர்ந்தபின் நீருக்கு எளிதில் அசையாது. டை இங்க் எனப்படும் சாய மை நீரில் கரைந்த சாயம், ஆகவே மீண்டும் நீர் பட்டால் கரையும். வீட்டுப் பயன்பாட்டு இங்க்ஜெட் பிரிண்டர்கள் பலவற்றில் கறுப்பு நிறமி மையாகவும் மற்ற மூன்று வண்ணங்கள் சாய மையாகவும் இருக்கும்.

தரம் கூடும் என்று நம்பி, அச்சு அமைப்பில் தாள் வகையைப் ‘புகைப்படத் தாள்’ என்று நான் தேர்ந்தெடுத்திருந்தேன். பளபளப்பான தாளில் நிறமிக் கறுப்பு சரியாகப் படியாது என்பதால், அந்த அமைப்பில் இத்தகைய பிரிண்டர்கள் அதை ஒதுக்கிவிட்டு, மூன்று வண்ணச் சாயங்களைக் கலந்தோ தனிச் சாயக் கறுப்பைக் கொண்டோ கோட்டை வரைகின்றன. இதழில் பரவிய ஊதா நிறம் அந்தக் கலவையிலிருந்து வந்ததுதான்.

ஆகவே தாள் தடிமனாக இருந்தாலும் தாள் வகையைச் ‘சாதாரணத் தாள்’ என்று வையுங்கள். வண்ண அச்சை நிறுத்தி, ‘கறுப்பு மை மட்டும்’ என்ற தேர்வு இருந்தால் அதையும், இல்லாவிட்டால் கிரேஸ்கேல் (கறுப்பு, சாம்பல் சாயல்கள் மட்டும்) என்பதையும் தேர்ந்தெடுங்கள். தரத்தை உயர்நிலையில் வையுங்கள். ‘தாளுக்குப் பொருத்து’ என்ற தேர்வை நீக்கி, 100 விழுக்காடு அளவில் அச்சிடுங்கள். இல்லையேல் மில்லிமீட்டர் கணக்கு வீணாகும். அச்சிட்டதை ஓர் இரவு உலரவிட்டு, வெட்டி எறியப்போகும் ஓரத்தில் ஒரு சிறு கோட்டின் மேல் ஈரத்தூரிகையை இழுத்துப் பாருங்கள். எத்தனை அட்டைகள் செய்தபிறகும் இந்தச் சோதனையை நான் தவிர்ப்பதில்லை, ஏனெனில் கார்ட்ரிட்ஜ் மாறினால் மையின் குணமும் மாறக்கூடும். நான்கு மைகளும் சாயமாக உள்ள பிரிண்டரில் எந்த அமைப்பும் கோட்டைக் காப்பாற்றாது. அப்போது நீர் வண்ணத்தை விட்டுக் கலர் பென்சிலுக்கு மாறுவதே நல்லது.

தாளைப் பொறுத்தவரை, அட்டையின் மேலேயே நேரடியாக அச்சிடுவதை நான் விரும்புவதில்லை. வழவழப்பான, 160 முதல் 200 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் கிராம் எடை) வரையுள்ள தாளில் படத்தை அச்சிட்டு, வண்ணம் தீட்டி வெட்டியபின், 250 ஜிஎஸ்எம்மோ அதற்கு மேலோ உள்ள அட்டையில் ஒட்டுகிறேன். வண்ணம் கெட்டாலும் அட்டை வீணாகாது; தடித்த அட்டை உருளைகளில் சிக்குவதும் இல்லை. முன்தட்டிலிருந்து தாளை இழுக்கும் பிரிண்டர் அதை உள்ளே வளைத்துத் திருப்புகிறது. பின்புறத் தட்டு இருந்தால் தடித்த தாளை அதில் வைப்பதே பாதுகாப்பு.

படி 4: வண்ணம் தீட்டுதல்

கலர் பென்சில் எல்லா அச்சுக்கும் பொருந்தும். லேசர் அச்சின் டோனர், வெப்பத்தால் உருகித் தாளில் ஒட்டிய பிளாஸ்டிக் தூள். அதை நீர் கரைக்காது, ஆகவே வாட்டர்கலருக்கு அது மிக நன்று. ஆனால் ஆல்கஹால் மார்க்கரின் கரைப்பான் டோனரை இளக்கி, வெளிர்நிற மார்க்கரின் முனையைக் கறுப்பாக்கிவிடக்கூடும். ஆல்கஹால் மார்க்கர் விரும்புவோருக்கு நன்கு உலர்ந்த இங்க்ஜெட் அச்சே ஏற்றது. மார்க்கரின் மை தாளின் பின்புறம் ஊறும் என்பதால் அடியில் வேறொரு தாளை வைத்துக்கொள்ளுங்கள்.

கோடே தெரியாத ஓவியம் வேண்டுமானால், கோட்டின் நிறத்தை மிக வெளிறிய சாம்பலாக மாற்றி அச்சிட்டு, அதன் மேல் கலர் பென்சிலால் தீட்டலாம். ரப்பர் ஸ்டாம்பில் இதற்குத் தனி மை தேவை. இங்கே அமைப்பில் ஒரு மாற்றம் போதும்.

படி 5: வெட்டுதல், ஒட்டுதல்

கூரிய சிறு கத்தரிக்கோலால், கோட்டுக்கு வெளியே 2 மில்லிமீட்டர் வெள்ளை விளிம்பு விட்டு வெட்டுங்கள். வெட்டும்போது கத்தரிக்கோலைத் திருப்பாமல் தாளைத் திருப்பினால் வளைவு பிசிறின்றி வரும். அட்டையை மடிக்குமுன், மை தீர்ந்த பேனாவால் அளவுகோலை ஒட்டி ஒரு பள்ளக்கோடு இழுத்துக்கொள்ளுங்கள். ஒரே படத்தை இரு முறை அச்சிட்டு, ஒன்றின் முன்பகுதியை மட்டும் வெட்டி ஃபோம் டேப்பால் (தடித்த, மெத்தென்ற இருபக்க ஒட்டுநாடா) மற்றதன் மேல் ஒட்டினால் படம் எழும்பி நிற்கும்.

பின்னர்ச் சேர்த்தவை

இதைப் படித்துச் செய்து பார்த்த இருவருக்குக் கோடு மங்கலாக வந்திருக்கிறது. ஒருவர், படத்தை வாங்கும் பக்கத்தில் காட்டப்படும் சிறிய மாதிரிப் படத்தையே சேமித்து அச்சிட்டிருந்தார். வாங்கியபின் கிடைக்கும் சிப் (zip) எனப்படும் சுருக்கிய கோப்பை விரித்து, உள்ளே இருக்கும் படத்தையே எடுக்க வேண்டும். மற்றவர் கைப்பேசியிலிருந்து அச்சிட்டபோது, செயலி அளவைக் கேட்காமலே படத்தைத் தாள் முழுவதும் பெரிதாக்கிவிட்டது. கைப்பேசி மட்டுமே இருந்தால், ஏ4 அளவுள்ள வெற்றுப் பக்கத்தில் படத்தை வேண்டிய அளவில் வைத்து, பிடிஎஃப் கோப்பாகச் சேமித்து, அந்தக் கோப்பை அச்சிடுங்கள். படத்தின் அளவு பெரும்பாலும் மாறாமல் வரும்.